பிள்ளைகள் சுவரேறட்டும்!

நம் பள்ளிகளில் ஒரு விநோதம் உண்டு. உடற்பயிற்சி யாருக்கு மிகவும் தேவையோ, அவர்தான் உடற்கல்விப் பாடம் என்றாலே முகம் சுளிப்பார். நன்றாக ஓடுபவர் மேலும் ஓடுவார். பந்து உதைக்கத் தெரிந்தவருக்கே பந்து வந்து சேரும். மற்றவர்கள் திடலின் ஓரத்தில் நின்றபடி மணி எப்போது அடிக்கும் என்று காத்திருப்பார்கள். பத்து ஆண்டுகள் இப்படி ஓரத்தில் நின்றே பழகிய ஒருவர், பள்ளியை விட்ட பிறகு தாமாக எழுந்து ஓடுவார் என்று நாம் எப்படி எதிர்பார்க்க முடியும்?

இது நம் ஊருக்கு மட்டும் உரிய சிக்கலன்று. 5 வயது முதல் 17 வயது வரையுள்ளோர் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை அசைக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சி வாரத்தில் குறைந்தது 3 நாள் இருக்க வேண்டும் என்பதும் அந்தப் பரிந்துரையில் அடங்கும். ஆனால், 146 நாடுகளின் 2016ஆம் ஆண்டு நிலவரத்தை ஆராய்ந்து அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட அறிக்கை, 11 முதல் 17 வயது வரையிலான மாணவர்களில் 81 விழுக்காட்டினர் அந்த 60 நிமிடத்தை எட்டவில்லை என்றது. பையன்களில் 78 விழுக்காடு. பெண் பிள்ளைகளில் 85 விழுக்காடு.

ஐந்தில் நான்கு பேர் என்றால் அது தனிமனிதச் சோம்பல் அன்று. நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வாய்ப்புகளிலேயே ஏதோ குறை இருக்கிறது. அந்தக் குறையை ஓரளவேனும் நிரப்பக்கூடிய ஒரு விளையாட்டு நம் கடைத்தொகுதிகளுக்குள்ளும் சில பள்ளிகளின் பின்புறத்திலும் நின்றுகொண்டிருக்கிறது. உள்ளரங்கில் சுவர் ஏறுதல்தான் அது. அதை வசதியுள்ளோரின் வார இறுதிப் பொழுதுபோக்காகவே விட்டுவிடக்கூடாது என்பது என் கருத்து.

*சுவர் கேட்கும் கணக்கு*

சுவர் ஏறுதலில் பொதுவாக இரண்டு வகை உண்டு. ஒன்று போல்டரிங். ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரச் சுவர், கீழே தடித்த மெத்தை, கயிறு கிடையாது. மற்றொன்று கயிறு கட்டி ஏறுவது. ஏறுபவரின் இடுப்புப் பட்டையில் கட்டிய கயிறு சுவரின் உச்சியில் உள்ள வளையத்தின் வழியாகக் கீழே வந்து, தரையில் நிற்கும் நண்பரின் கையில் இருக்கும். இவர் ஏற ஏற அவர் கயிற்றை இழுத்துக்கொண்டே வருவார். கை நழுவினால் ஓரிரு அடி இறங்கிக் கயிற்றில் தொங்குவோம், அவ்வளவுதான்.

சுவரில் பதித்திருக்கும் பல நிறப் பிடிகளில், ஒரே நிறத்தில் இருப்பவை சேர்ந்து ஒரு பாதை. அந்த நிறத்தை மட்டும் பற்றியும் மிதித்தும் மேலே போக வேண்டும். போல்டரிங்கில் இப்படிப்பட்ட ஒவ்வொரு பாதையையும் ‘புரோப்ளம்’ என்றே அழைப்பார்கள். தமிழில் நாம் ‘கணக்கு’ என்று சொல்லலாம். வலக்கையை முதலில் வைப்பதா, இடக்காலை மாற்றுவதா, உடலை எந்தப் பக்கம் திருப்புவது என்று யோசித்துப் போட வேண்டிய கணக்கு. வெறும் கைப்பலத்தை நம்பி ஏறுபவர் பாதியிலேயே களைத்துவிடுவார். எடையைக் கால்களில் தாங்கத் தெரிந்தவரே மேலே போய்ச் சேருவார்.

இதனால்தான் இந்த விளையாட்டு வரிசையை மாற்றிப் போடுகிறது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஏறுதல் மன்றத்தைச் சேர்ந்த நாங்கள் சிலர், இரண்டு ஆண்டுகளாகப் பள்ளி விடுமுறைகளில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுவர் ஏறக் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநர்களுக்கு உதவி வருகிறோம். மாணவர் பராமரிப்பு நிலையங்களிலிருந்து வரும் பிள்ளைகள் அவர்கள். ஒருமுறை, கொஞ்சம் பருமனான பத்து வயதுப் பையன் ஒருவன் முதல் அரை மணி நேரம் காலணியைக்கூட மாட்டாமல் உட்கார்ந்திருந்தான். ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்து பழகியவனின் எச்சரிக்கை அது. ஆனால், அவன் சும்மா இருக்கவில்லை. திணறிக்கொண்டிருந்த இன்னொரு பையனைப் பார்த்து, “அந்தப் பச்சையில முதல்ல இடது கால வை, அப்புறம் கை எட்டும்,” என்று குரல் கொடுத்தான். கை எட்டியது. மற்ற பிள்ளைகளும் அவனிடம் வழி கேட்கத் தொடங்கினார்கள். சிறிது நேரத்தில் தன் யோசனை சரிதானா என்று பார்க்க அவனே எழுந்து வந்தான். அன்று அவன் ஏறியது இரண்டு மீட்டர்தான். ஆனால், அடுத்த முறை முதல் ஆளாகக் காலணி மாட்டிக்கொண்டு நின்றான்.

ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வருபவரை எல்லாரும் பார்க்கிறார்கள். கால்பந்தில் தவறவிட்டவரை அணியே திட்டுகிறது. சுவரில் நேற்றைய உயரம்தான் நமக்கு எதிராளி. அதோடு, விழுவது இங்கே அன்றாடம். முதல் பாடமே விழக் கற்றுக்கொள்வதுதான்: முழங்காலை மடக்கி, பின்பக்கமாக உட்கார்ந்து, அப்படியே உருள வேண்டும், கையைப் பின்னால் ஊன்றக்கூடாது. தேறியவரும் விழுகிறார், புதியவரும் விழுகிறார். ஒரு மதிப்பெண் குறைந்தாலே கலங்கிப்போகும் பிள்ளைகள் நிறைந்த ஊரில், இருபது முறை விழுந்து இருபத்தொன்றாவது முறை எழுந்து ஏறுவதைச் சாதாரணமாக்கும் ஓர் இடம் எவ்வளவு பெரிய பாடம் என்று நினைத்துப் பாருங்கள்.

பயத்துக்கும் இங்கே இடம் உண்டு. கயிற்றுச் சுவரில் பாதி உயரத்தில் உறைந்துபோய் நின்ற ஒரு சிறுமியைப் பார்த்து எங்கள் பயிற்றுநர் “பயப்படாதே” என்று சொல்லவில்லை. “கீழே வரணுமா, இன்னும் ஒரே ஒரு பிடி பார்க்கலாமா?” என்று மட்டும் கேட்டார். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு பிடி ஏறினாள். பிறகு தானே இறங்க வேண்டும் என்றாள். இறக்கிவிட்டோம். எங்கே நிறுத்துவது என்ற முடிவு அவளுடையதாக இருந்தது. பெரியவர்கள் வகுத்த கால அட்டவணையில் காலை முதல் இரவு வரை ஓடும் பிள்ளைகளுக்கு அந்த உரிமை அடிக்கடி கிடைப்பதில்லை.

*உடலுக்கு என்ன கிடைக்கும்?*

உயர்நிலைப்பள்ளி மாணவர்களைக் கேட்டால், நாப்ஃபா உடலுறுதித் தேர்வில் பலரும் அஞ்சுவது 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தையும் கம்பியைப் பிடித்து உடலை மேலே இழுக்கும் ‘புல்-அப்’பையும்தான் என்பார்கள். கம்பியில் ஒன்றுகூட இழுக்க முடியாத பையனை, “இன்னும் முயற்சி செய்” என்று சொல்லி அதே கம்பியில் தொங்கவிடுவது சலிப்பூட்டும் வேலை. சுவரில் கை, தோள், முதுகு, வயிறு, தொடை என எல்லாத் தசைகளும் வேலை செய்கின்றன. ஆனால், பிள்ளையின் கவனமோ அடுத்த பிடியில் இருக்கிறது. பயிற்சி செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் பயிற்சி நடந்துவிடுகிறது. மாலை மழையும் நண்பகல் வெயிலும் இந்த விளையாட்டை நிறுத்துவதில்லை என்பது நம் ஊருக்குக் கூடுதல் வசதி.

அதற்காக இதை எல்லா நோய்க்கும் மருந்து என்று நான் விற்கப் போவதில்லை. சுவரில் ஒரு மணி நேரம் செலவிட்டால் அதில் பாதிக்குமேல் ஓய்வெடுப்பதிலும் அடுத்தவர் ஏறுவதைப் பார்ப்பதிலும் போய்விடும். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் ஓட்டமும் நீச்சலும் சைக்கிளும் தரும் பயனை இது முழுமையாகத் தராது. வாரத்தில் 3 நாள் தசைக்கும் எலும்புக்கும் பயிற்சி என்ற பகுதியைத்தான் இது நன்றாக நிறைவேற்றும். இன்னொன்றும் உண்டு. கிட்டப்பார்வை மிகுந்த நம் நாட்டில், பிள்ளைகள் வெளியில், பகல் வெளிச்சத்தில் விளையாட வேண்டும் என்று கண் மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள். உள்ளரங்குச் சுவர் அந்த வெளிச்சத்தைத் தராது. ஆகவே சுவர் திடலுக்கு மாற்றாகாது. திடலுக்கு வராத பிள்ளையை உடலசைவின் பக்கம் இழுத்துவரும் வாசலாக அது இருக்க முடியும். தன் உடலால் ஒன்றைச் செய்ய முடியும் என்று ஒருமுறை நம்பிய பிள்ளை, பிறகு மற்ற விளையாட்டுகளையும் எட்டிப் பார்க்கிறது. இது நான் கண்ணால் கண்டது.

*ஆபத்து இல்லையா?*

பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான். கேட்க வேண்டிய கேள்வியும்கூட. 2021 பிப்ரவரியில், உயரத்தில் கட்டிய கயிற்றுத் தடைகளைக் கடக்கும் பள்ளி நடவடிக்கை ஒன்றில் நம் மாணவர் ஒருவர் உயிரிழந்தார். உயரம் தொடர்பான வெளிப்புற நடவடிக்கைகளைக் கல்வி அமைச்சு உடனே நிறுத்திவைத்தது. அது ஏறும் சுவரில் நடந்ததன்று என்றாலும், உயரத்தில் நடக்கும் எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதை அந்தத் துயரம் நம் எல்லாருக்கும் உணர்த்தியது.

அதனால்தான் சுவர் ஏறுதலில் விதிகள் கறாராக இருக்கின்றன. கயிற்றுச் சுவரில் ஏறுவதற்கு முன்னால், ஏறுபவரும் கயிறு பிடிப்பவரும் ஒருவரை ஒருவர் சோதிக்க வேண்டும். எட்டு வடிவ முடிச்சு சரியாக இருக்கிறதா, இடுப்புப் பட்டை இறுகியிருக்கிறதா, கொக்கி பூட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, கையால் தொட்டு உறுதிசெய்வோம். நூறாவது முறை ஏறினாலும் இதைத் தவிர்க்க முடியாது. கயிறு பிடிக்க விரும்புபவர் சிங்கப்பூர் தேசிய ஏறுதல் தரநிலையின் முதல்நிலைச் சான்றிதழைப் பெறலாம். பதினைந்து வயது மாணவி ஒருத்தி தன் தோழியின் உயிரை இரு கைகளில் பிடித்திருக்கிறாள் என்றால், பொறுப்பு என்ற சொல்லின் பொருளை அவளுக்கு இன்னொருவர் விளக்க வேண்டியதில்லை.

எனக்குப் பெரிய கவலை தருபவை அதிகம் பேசப்படாத வேறு இரண்டு ஆபத்துகள். இளையர்களுக்கு நேரடியாகத் தொடர்புடையவை என்பதால் இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, விரல்கள். வளரும் வயதில் விரல் எலும்புகளில் வளர்ச்சித் தட்டு என்னும் மென்மையான பகுதி இருக்கும். எலும்பு நீளமாவது அங்கிருந்துதான். விரல் நுனியை மட்டும் வைத்துச் சிறு பிடிகளில் திரும்பத் திரும்பத் தொங்கினால் அந்தப் பகுதியில் முறிவு ஏற்படலாம். பதின்ம வயது ஏறுபவர்களிடம், அதிலும் விரலின் நடு மூட்டில், மருத்துவர்கள் இதைப் பார்க்கிறார்கள். எனவே, எலும்பு வளர்ந்து முடியும்வரை விரலுக்கென்றே செய்யப்படும் கடும் பயிற்சிப் பலகைகளைத் தவிர்க்க வேண்டும். நடு மூட்டில் வலி நீடித்தால் ஏறுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலியைப் பொறுத்துக்கொள்வது இங்கே வீரமாகாது.

இரண்டாவது, எடை. உடல் எடை குறைந்தால் எளிதாக ஏறலாம் என்ற எண்ணம் போட்டியாளர்களிடையே பரவி, பட்டினி கிடக்கும் அளவுக்குப் போனதுண்டு. அனைத்துலக விளையாட்டு ஏறுதல் கூட்டமைப்பே இதைச் சமாளிக்க 2024இல் போட்டியாளர்களின் உடல்நலத்தைச் சோதிக்கும் விதிமுறையைக் கொண்டுவர வேண்டியிருந்தது. சுவருக்கு வரும் பிள்ளையிடம், “இன்னும் ரெண்டு கிலோ குறைஞ்சா மேல போயிடுவ,” என்று யாரும் சொல்லக்கூடாது. உடலை வெறுக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு உடற்பயிற்சியை விரும்பச் சொல்வது எப்படிப் பொருந்தும்?

*“இதெல்லாம் நமக்கு எதுக்கு?”*

நான் ஏறத் தொடங்கியபோது என் பாட்டி என் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “பொம்பளப் பிள்ள கை இப்படிக் காய்ச்சுப் போயிருக்கே, இதெல்லாம் நமக்கு எதுக்கும்மா?” என்றார். பாட்டியின் கேள்வியில் அன்புதான் இருந்தது. ஆனால், அதே கேள்வியைப் பல இந்தியக் குடும்பங்களில் வேறு வேறு வடிவத்தில் கேட்டுவிட்டேன். ‘நம் ஆட்கள்’ கால்பந்து ஆடுவார்கள், சிலம்பம் கற்பார்கள், பரதம் ஆடுவார்கள். சுவரில் தொங்குவது வேறு யாருடைய விளையாட்டோ என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது.

எங்கே தொடங்கலாம்? பக்கத்து நாட்டிலிருந்தே தொடங்குவோம். 1997 மே 23ஆம் தேதி எவரெஸ்ட் சிகரத்தில் முதன்முதலாகக் கால்பதித்த மலேசியர்கள் எம். மகேந்திரனும் என். மோகனதாசும். நம்மைப் போன்ற பெயர் கொண்டவர்கள்தாம். பத்துமலைக்குப் போகும் நம்மில் பெரும்பாலோர் 272 படிகள் ஏறி முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறோம். அதே சுண்ணாம்புக்கல் குன்றின் மறுபக்கங்களில் உள்ள பாறைச் சுவர்களில் ஏற வெளிநாடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மலையே இல்லாத ஊர் என்ற சாக்கும் செல்லாது. 163 மீட்டர் புக்கிட் தீமாவை விட்டால் சொல்லிக்கொள்ள நமக்கு உயரம் கிடையாது. ஆனாலும் 1998 மே 25ஆம் தேதி சிங்கப்பூர்க் குழு எவரெஸ்ட் உச்சியை அடைந்தது.

இப்போது இது ஒலிம்பிக் விளையாட்டும்கூட. 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்றது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், 15 மீட்டர் சுவரில் 4.75 விநாடியில் ஏறி விரைவேற்றத் தங்கத்தை வென்றவர் இந்தோனீசியாவின் வெட்ரிக் லியோனார்டோ. பூப்பந்தைத் தவிர வேறு எந்த விளையாட்டிலும் அதற்குமுன் இந்தோனீசியா ஒலிம்பிக் தங்கம் கண்டதில்லை. பெண்களால் முடியுமா என்று கேட்பவர்களுக்கும் அதே நாட்டில் பதில் இருக்கிறது. மத்திய ஜாவாவைச் சேர்ந்த அரீஸ் சுசந்தி ரஹாயு, தலையில் முக்காடு அணிந்தபடியே 2019இல் அந்த 15 மீட்டரை 6.995 விநாடியில் ஏறி, 7 விநாடிக்குள் ஏறிய முதல் பெண் என்ற பெயரைப் பெற்றார்.

என் பாட்டிக்கு நான் இந்தக் கணக்கையெல்லாம் சொல்லவில்லை. ஒருநாள் கைப்பேசியில் நான் ஏறும் காணொளியைக் காட்டினேன். முழுவதையும் பார்த்துவிட்டு, “கயிறு பிடிக்கிற பிள்ள யாரு? ஒழுங்காப் பிடிப்பாளா?” என்று மட்டும் கேட்டார். கேள்வி மாறிவிட்டதே, அது போதும் எனக்கு.

*சிக்கல் காசில் இருக்கிறது*

இத்தனை நல்லது இருந்தும் சுவரில் எல்லாப் பிள்ளைகளையும் ஏன் பார்க்க முடிவதில்லை? நேர்மையான பதில்: காசு. தனியார் ஏறுதல் அரங்குகளில் ஒருமுறை நுழைவதற்கே இருபது வெள்ளிக்குமேல் ஆகும். காலணி வாடகை தனி. மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பம் வாரந்தோறும் போக முடியுமா? கடைத்தொகுதியின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்துவிட்டு நகரும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அரங்கு நடத்துவோரைக் குறை சொல்லிப் பயனில்லை. வாடகையும் ஊழியர் சம்பளமும் காப்புறுதியும் அவர்களுக்கும் உண்டு.

ஆனால், உள்ளரங்குச் சுவர் வணிகமாகப் பிறந்ததன்று என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். நவீன ஏறும் சுவரின் தொடக்கம் என்று பெரும்பாலும் குறிப்பிடப்படுவது, இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் 1964இல் உருவான சுவர். உடற்கல்வி விரிவுரையாளரான டோன் ராபின்சன் ஒரு நடைபாதைச் சுவரில் கற்களைப் பதித்து அதை உருவாக்கினார். ஒரு கல்விக்கூடம், ஓர் ஆசிரியர், ஒரு நடைபாதை. அவ்வளவில்தான் இது தொடங்கியது. அதே வழியில் இதை நாம் பிள்ளைகளிடம் திரும்பக் கொண்டுபோகலாம்.

முதலில், தொடக்கப்பள்ளிகளில் உயரமான சுவரே தேவையில்லை. பக்கவாட்டில் நகர்ந்து செல்லும் தாழ்வான சுவர் போதும். கால் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குமேல் போகாது. கயிறும் வேண்டாம், இடுப்புப் பட்டையும் வேண்டாம். உணவகத்துக்குப் பக்கத்திலுள்ள வெறுஞ்சுவரில் பிடிகளைப் பதித்து, கீழே பாதுகாப்பான தரை விரிப்பைப் போட்டால், இடைவேளையில்கூடப் பிள்ளைகள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகர்ந்து விளையாடலாம்.

அடுத்து, ஏற்கெனவே இருக்கும் சுவர்கள். நம் உயர்நிலைப்பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பலவற்றில் ஏறும் சுவர் உண்டு. இணைப்பாட நடவடிக்கை நேரம் போக மற்ற வேளைகளில் அவை பெரும்பாலும் வெறுமனே நிற்கின்றன. தகுதிபெற்ற பயிற்றுநர் இல்லாமல் அவற்றைத் திறக்கக்கூடாது. அந்த விதி சரியானது. அப்படியானால் பயிற்றுநரைக் கொண்டுவருவோம். சனிக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்காகப் பள்ளிச் சுவரைத் திறந்து, சான்றிதழ் பெற்ற மூத்த மாணவர்கள் பயிற்றுநருக்கு உதவினால், செலவு குறையும். அந்த மாணவர்களுக்கும் அது அர்த்தமுள்ள சமூகச் சேவையாக அமையும்.

நீச்சலில் நாம் இதைச் செய்து காட்டியிருக்கிறோம். ஓரிரு வெள்ளி கொடுத்தால் பொது நீச்சல்குளத்துக்குள் நுழையலாம். 2010இல் தொடங்கிய ‘சுவிம்சேஃபர்’ திட்டத்தின் வழி தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் நீரில் தங்களைக் காத்துக்கொள்ளக் கற்கிறார்கள். நீச்சல் பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு என்று இங்கே இப்போது யாரும் சொல்வதில்லை. குளத்துக்குச் செய்ததைச் சுவருக்கும் செய்யலாமே?

நம் சமூக அமைப்புகளுக்கும் இதில் பங்குண்டு. சிண்டாவும் சமூக மன்றங்களின் இந்திய நற்பணிச் செயற்குழுக்களும் பிள்ளைகளுக்காகப் பல நிகழ்ச்சிகளை நடத்துகின்றன. கதை சொல்லும் போட்டி, பொங்கல் கோலப் போட்டி ஆகியவற்றோடு ஆண்டுக்கு ஓரிரு முறை ஒரு சுவரேறும் நாளையும் சேர்க்கலாம். பெற்றோரும் கூடவே வரட்டும். கயிறு பிடிக்கக் கற்கட்டும். பிள்ளையின் எடையைக் கையில் உணரும் தந்தை, அந்தப் பிள்ளையின் பயத்தையும் துணிவையும் வேறு விதமாகப் புரிந்துகொள்வார்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதையும் துணைப்பாட வகுப்பாக்கிவிடாதீர்கள். நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்கு உதவும் என்று கணக்குப் போட்டு, ஏழு வயதுப் பிள்ளையை வாரம் நான்கு நாள் சுவரில் தொங்கவிட்டால், திடலின் ஓரத்தில் நின்ற பிள்ளை இப்போது மெத்தையின் ஓரத்தில் நிற்கும். அதோடு, நான் மேலே சொன்ன விரல் காயங்கள் கூடவே வரும். திறமை உள்ளவர் தாமாகவே தேடி வருவார். திறமை இல்லாதவரும் வரக்கூடிய இடமாகச் சுவர் இருக்கும்வரைதான் அதனால் பயன்.

*நம்மால் முடிந்தது*

‘சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும்’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லி நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். உடலைத்தான் சுவர் என்கிறார்கள். ஆனால், அதைச் சொன்ன கையோடு நம்மை மேசை முன்னால் உட்கார வைத்துவிடுவார்கள். அவர்களை மட்டும் குறை சொல்வானேன்? தம்பியோ தங்கையோ தொந்தரவு செய்தால் கையில் திறன்பேசியைக் கொடுத்து அமைதிப்படுத்துவது பல வீடுகளில் அண்ணன்களும் அக்காமார்களுமான நாம்தான்.

ஆகவே இந்தப் பக்கத்தைப் படிக்கும் உயர்நிலைப்பள்ளி, தொடக்கக்கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி, தொழில்நுட்பக் கல்விக்கழக, பல்கலைக்கழக நண்பர்களுக்கு இதைச் சொல்கிறேன். உங்கள் பள்ளியில் சுவர் இருந்தால், அதை வாரத்தில் எத்தனை மணி நேரம் பயன்படுத்துகிறார்கள் என்று பொறுப்பாசிரியரிடம் கேளுங்கள். மற்றவர்களுக்கும் திறக்க என்ன தேவை என்பதையும் கேளுங்கள். உங்களில் ஏறத் தெரிந்தவர்கள் முதல்நிலைச் சான்றிதழைப் பெற்றுக்கொள்ளுங்கள். ஏறத் தெரியாதவர்கள், உங்களுக்கு இது வராது என்று நீங்களே முடிவு செய்வதற்கு முன்னால், ஒரே ஒரு முறை காலணி மாட்டிப் பாருங்கள்.

மாணவர் மன்றங்களில் இருப்பவர்கள், அடுத்த ஜூன் விடுமுறைக்குத் திட்டமிடும்போது ஒரு தொடக்கப்பள்ளியையோ மாணவர் பராமரிப்பு நிலையத்தையோ தொடர்புகொள்ளுங்கள். இருபது பிள்ளைகள், ஒரு பயிற்றுநர், ஆறு மாணவர் உதவியாளர்கள், இரண்டு மணி நேரம். இதற்குப் பெரிய நிதியுதவி வேண்டாம். உடற்கல்வி வகுப்பில் யார் கடைசியில் நிற்கிறார்களோ, அவர்களை முதலில் அனுப்பும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். சிறந்தவர்களைத் தேடி எடுக்க ஏற்கெனவே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இந்தப் பிள்ளைகளைத் தேடிப் போக ஆட்கள் குறைவு. அந்த வேலையை நாம் எடுத்துக்கொள்வோம்.